‘தானாக’ என்றொரு சொல்

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை கோபத்துக்குக் காரணம் தெரிந்தது. நண்பரின் படிப்பில் எனக்கு மரியாதை உண்டு. அவருடைய தமிழிலும் உண்டு. ஆனால் ஒரு பொய் நல்ல தமிழில் சொல்லப்படும்போது, மோசமான தமிழில் சொல்லப்பட்டதைவிட அதிக நாள் உயிரோடிருக்கிறது. எனவே பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

அவருடைய வாதம் சுருக்கமாக இது. ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வண்டி வந்துவிட்டது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் யாருமில்லை. ஆகவே, பிரதிக்குப் பின்னால் ஆசிரியன் இல்லை என்று ரோலான் பார்த் 1960களின் கடைசியில் எழுதியது இப்போது சான் பிரான்சிஸ்கோ வீதிகளில் ஸ்தூலமாக நிரூபணமாகிறது. கர்த்தா ஒழிந்தான், செயல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கலிபோர்னியாவில் ஒரு கம்பெனி தனக்கு ‘அப்ளைடு இன்ட்யூஷன்’ என்றே பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது. பயனுக்குக் கொண்டுவரப்பட்ட உள்ளுணர்வு. உள்ளுணர்வு மனிதனை விட்டு இறங்கி யந்திரத்தில் ஏறிக்கொண்டுவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சியம் வேண்டும் என்று கேட்கிறார் நண்பர். தமிழ்க் கவிஞன் மட்டும் இன்னும் ‘நான்’ ‘நான்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறானாம்.

ஒரு கம்பெனி தன் பெயர்ப்பலகையில் எழுதிக்கொண்டதைத் தத்துவத்துக்குச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளும் விமர்சகரை இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் சாமி பெயர் வைக்காத பனியன் கம்பெனி குறைவு. அதற்காக முருகன் வந்து ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து தைக்கிறார் என்று யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

நான் இருப்பது வேலம்பாளையம். 15 வேலம்பாளையம் என்று எண்ணோடு சேர்த்துச் சொன்னால்தான் ஊர்க்காரர்களுக்குப் பிடிபடும். 2011 வரை தனி நகராட்சியாக இருந்து, பிறகு திருப்பூர் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. பக்கத்திலேயே அனுப்பர்பாளையத்தின் பாத்திரப் பட்டறைகள், இங்கே பனியன். ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. பீஸ் கணக்கு. ஒரு சட்டைக்கு எத்தனை கை படுகிறது, ஒவ்வொரு கைக்கும் எத்தனை பைசா என்று நாளெல்லாம் கூட்டிக்கொண்டிருக்கிறவன் நான். ‘யாருமில்லை’ என்று ஒருவர் சொன்னால் நம்ப முடியாமல் போவது ஒருவேளை தொழில்வியாதியாக இருக்கலாம்.

முதலில் அந்தக் கம்பெனி. 2017இல் காஸர் யூனிஸ், பீட்டர் லுட்விக் என்ற இருவர் தொடங்கியது. இவர்கள் வண்டி செய்கிறவர்கள் அல்ல. வண்டி செய்கிறவர்களுக்கு மென்பொருள் விற்கிறவர்கள். ஆரம்பத்தில் விற்றது பாவனைச் சாலை. கம்ப்யூட்டருக்குள் ஒரு வீதியை உண்டாக்கி, அதில் மழை பெய்ய வைத்து, குறுக்கே ஒரு குழந்தையை ஓடவிட்டு, வண்டியின் மூளை என்ன செய்கிறது என்று பார்ப்பது. பிறகு கார் மட்டும் போதவில்லை. லாரி, கட்டிட வேலைக்கான யந்திரங்கள், சுரங்கம், விவசாயம், ராணுவம் என்று கடையை விரித்தார்கள். 2025 ஜூனில் அதன் மதிப்பு 1,500 கோடி டாலர் என்று முதலீட்டாளர்கள் கணித்தார்கள். மூலதனத்துக்கு இதெல்லாம் சகஜம். எனக்கு ஆட்சேபம் பெயரில்தான்.

உள்ளுணர்வு என்ற சொல்லை வைத்துக்கொண்டு நம் விமர்சனத்தில் எத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கிறோம். அலசல் பெரிதா, ரசனை பெரிதா. காரணம் சொல்லத் தெரியாமல் ஒரு கவிதை நல்ல கவிதை என்று எப்படித் தெரிகிறது. அந்தச் சண்டைகளில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒப்புக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. உள்ளுணர்வு ஓர் ஆளிடம், ஓர் இடத்தில், பல வருஷப் பழக்கத்தில் ஊறுவது. வயலை மிதித்துப் பார்த்தே ஈரம் சொல்கிற உழவனைச் சுரங்கத்தில் இறக்கிவிட்டால் அவன் குருடன். ஒரே சரக்கை வயலுக்கும் சுரங்கத்துக்கும் போர்க்களத்துக்கும் விற்க முடிகிறதென்றால், அது வேறு ஏதோ. அதற்கு உள்ளுணர்வு என்று லேபிள் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

லேபிள் என்ற சொல் தற்செயலாக வந்துவிடவில்லை.

வண்டிக்குப் பார்வை எங்கிருந்து வருகிறது என்பதை நண்பர் ஒரு வரிகூட எழுதவில்லை. கேமராவிலிருந்து வருகிறது என்று நினைத்திருப்பார் போலும். கேமராவுக்குத் தெரிவது வெளிச்சமும் நிழலும்தான். இது மனிதன், இது மாடு, இது நிழல், இது பள்ளம் என்று யாராவது லட்சக்கணக்கான படங்களில் உட்கார்ந்து கோடு போட்டுப் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்ததிலிருந்துதான் யந்திரம் பழகுகிறது. அந்த வேலைக்குப் பெயரே லேபிளிங். 2016இல் ஜெர்மனியையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 50 நகரங்களின் வீதிகளைப் படமெடுத்து ‘சிட்டிஸ்கேப்ஸ்’ என்றொரு தொகுப்பு வெளியிட்டார்கள். அதில் 5,000 படங்கள் மிக நுணுக்கமாகக் குறிக்கப்பட்டவை. ஒரு படத்துக்குக் கோடு போட்டுச் சரிபார்க்கச் சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். கணக்குப்பிள்ளைக்குக் கை சும்மா இருக்காது, பெருக்கிப் பார்த்தேன். குறைந்தது 7,500 மணி நேரம். எட்டு மணி ஷிப்டுக்கு 900க்கு மேற்பட்ட ஷிப்டுகள். அதுவும் வெறும் 5,000 படத்துக்கு. இன்று ஓடுகிற வண்டிகள் தின்று தீர்த்த படங்களுக்கு முன்னால் அது ஒரு கவளம்.

எங்கள் வீதியில் இந்த வேலை செய்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். படித்துவிட்டு மூன்று வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். குழந்தை பிறந்த பிறகு வீட்டிலேயே லாப்டாப்பை வைத்துக்கொண்டு கட்டம் போடுகிறாள். யாருக்காகப் போடுகிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. ஜாப் ஒர்க்குக்கு ஜாப் ஒர்க், அதற்குள் ஒரு ஜாப் ஒர்க். போட்ட கட்டம் சரியில்லை என்று மேலே யாரோ ஒதுக்கினால் அந்த லாட்டுக்கே காசு கிடையாது. ஏன் ஒதுக்கினார்கள் என்று கேட்க ஒரு போன் நம்பர்கூட இல்லை. செக்கிங்கில் பீஸை டேமேஜில் போட்டால் சூப்பர்வைசரோடு சண்டையாவது போடலாம்.

“இது என்னுங்ண்ணா பெரிய வேலை? செக்கிங் டேபிள்ல ஓட்டை பாக்கறாப்பலதான். அங்க துணியில பாத்தோம், இங்க ரோட்டுல பாக்கறோம்” என்றாள்.

எந்த ஊர் ரோடு என்று கேட்டேன்.

“அதெல்லாம் தெரியாதுங்ண்ணா. ஏதோ வெளிநாடு. ரோட்டுல சனமே இல்லீங். ஒரு ஆளு நாயைப் பிடிச்சுட்டுப் போறாரு. அவருக்கு ஒரு கட்டம், நாய்க்கு ஒரு கட்டம்.”

“கயிறுக்கு?”

“கயிறுக்குக் கட்டம் கிடையாதுங்ண்ணா.”

இந்தப் பதிலை நண்பரின் கட்டுரை முழுவதற்கும் எதிராக வைக்கலாம். மனிதனும் உண்டு, நாயும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது பட்டியலில் இல்லை. அந்தக் கயிற்றைக் கண்ட மாத்திரத்தில் நாய் எவ்வளவு தூரம் பாயும் என்று ரோட்டில் போகிற எந்த டெம்போ டிரைவருக்கும் தெரியும். உள்ளுணர்வு என்று ஒன்று இருந்தால் அது இருப்பது அந்தக் கயிற்றில்.

நான் சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. 2018 மார்ச் 18, இரவு பத்து மணி சுமாருக்கு அரிசோனாவின் டெம்பே நகரத்தில், ஊபர் கம்பெனியின் சோதனை வண்டி ஒரு பெண்ணைக் கொன்றது. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அதற்கென்று குறித்த இடமல்லாத இடத்தில் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019இல் வெளியிட்ட விசாரணை முடிவு பொதுவில் இருக்கிறது. விமர்சனம் எழுதுகிற யாரும் படிக்க வேண்டியது. வண்டி அவளைப் பார்க்காமல் இல்லை. மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே பார்த்துவிட்டது. என்ன பெயர் என்றுதான் தெரியவில்லை. முதலில் வாகனம் என்றது. பிறகு ‘மற்றவை’ என்றது. பிறகு சைக்கிள் என்றது. ஒவ்வொரு தடவை பெயர் மாற்றும்போதும் முந்தின பெயரில் அவள் எங்கிருந்து எங்கே நகர்ந்தாள் என்ற சரித்திரத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தது. நடைபாதைக் கோடு இல்லாத இடத்தில் மனிதன் சாலையைக் கடப்பான் என்பதற்கு அதன் திட்டத்திலேயே இடமில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும் பெண். நம் ஊரில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை வரைகிற படம். அந்த ஸ்தூலமான உருவத்துக்குப் பெயர் தேடிக்கொண்டே போய் இடித்தது உள்ளுணர்வு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நண்பருடைய ‘கர்த்தா ஒழிந்தான்’ தத்துவத்துக்கு முக்கியம். அந்த வண்டியில் கண்காணிப்புக்கென்று சம்பளத்துக்கு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முன்பு இரண்டு பேர் இருந்த இடத்தில் சில மாதங்களுக்கு முன்னால்தான் ஒருவராகக் குறைத்திருந்தார்கள். வண்டியை வாங்கியபோது அதிலிருந்த தானியங்கி பிரேக் வசதியை, தங்கள் மென்பொருள் ஓட்டும்போது வேலை செய்யாதபடி நிறுத்தி வைத்திருந்தார்கள். அவள் ரோட்டைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; அது அவள் தப்புதான். 2019இல் கம்பெனி மீது குற்ற வழக்குக்கு அடிப்படை இல்லை என்று அரசு வழக்கறிஞர் சொல்லிவிட்டார். 2020இல் அந்தப் பெண் மீது வழக்கு. 2023இல் அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருஷக் கண்காணிப்புத் தண்டனை பெற்றாள். வண்டி ஒழுங்காக ஓடுகிறவரை ஓட்டுகிறவர் யாருமில்லை. ஒருவர் செத்தால் உடனே ஓட்டுநர் சிருஷ்டிக்கப்படுகிறார். கர்த்தா ஒழியவில்லை நண்பரே, கூப்பிட்டால் வந்து நிற்கும்படி வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள்.

செத்தது ஓடாத காலத்து விபத்து, இப்போது யந்திரம் தேறிவிட்டது என்று சொல்வார்கள். தேறியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பல அமெரிக்க நகரங்களில் முன்சீட்டில் ஆளில்லாமல் வாடகைக் கார் ஓடுகிறது. முன்சீட்டில் இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டால் சரி. சான் பிரான்சிஸ்கோவில் ‘க்ரூஸ்’ என்ற கம்பெனியின் வண்டிகளுக்கு 2023 அக்டோபரில் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதம் ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது: ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் சராசரியாக ஒன்றரை ஆள் வேலை பார்த்தார்கள், இரண்டரை மைலிலிருந்து ஐந்து மைலுக்குள் ஒரு தடவை தூரத்திலிருந்து யாராவது தலையிட வேண்டியிருந்தது. டாக்சிக்கு ஒரு டிரைவர். டிரைவர் இல்லாத டாக்சிக்கு ஒன்றரை. ஒன்றரை என்பது எங்களுக்குப் பழகின எண். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் பன்னிரண்டு மணி நேரம்.

இப்போது லேபிளுக்கு வருகிறேன்.

வேலம்பாளையத்தில் நூல் துணியாகி, கட்டிங் ஆகி, தைத்து, பிசிர் வெட்டி, செக்கிங் முடித்து, அயர்ன் செய்து, மடித்து, பெட்டியில் அடைக்கும்வரை அந்தச் சட்டை எங்களுடையது. இடையில் ஒரு டெய்லர் கழுத்துக்குப் பின்னால் ஒரு லேபிள் வைத்துத் தைக்கிறார். அந்த விநாடியோடு சட்டை இன்னொருவருடையதாகிவிடுகிறது. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிற ஒரு பெயர் அதை உண்டாக்கியதாக ஆகிவிடுகிறது. தன் கையால் இன்னொருவன் பெயரைத் தன் வேலையின்மேல் தைப்பதுதான் இந்த ஊரின் கடைசி வேலை. இதை நாங்கள் அவமானமாக நினைப்பதில்லை. கூலி உண்டு, தைக்கிறோம். ஆனால் சட்டை ‘தானாக’ உண்டானது என்று இதுவரை எந்த வெள்ளைக்காரனும் சொன்னதில்லை. உள்ளே ஒரு ஓரத்தில் ‘மேட் இன் இந்தியா’ என்றாவது போடச் சொல்கிறான். வாஷ்கேர் லேபிளுக்கு இருக்கிற இந்த அற்ப நேர்மைகூட ஓட்டுநரில்லா வண்டிக்கு இல்லை. கண் தைத்தவர்கள் இன்ன ஊர்க்காரர்கள் என்று அதில் ஒரு துண்டுத் துணி கிடையாது.

இரண்டு தொழிலும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்குக் கல்கத்தாவில் ஒரு பேட்டையையே காட்டலாம். மெட்டியாபுருஸ். 1856இல் ராஜ்யத்தைப் பறிகொடுத்த அவத் நவாப் வாஜித் அலி ஷா வந்து குடியேறிய இடம். கூடவே சமையல்காரர்களும் பாட்டுக்காரர்களும் தையல்காரர்களும் வந்தார்கள். நவாப் போனார், பாட்டு போனது, தையல் நின்றது. இன்றும் கிழக்கிந்தியாவின் ஆயத்த ஆடைக்குப் பெரிய சந்தை அது. அந்தத் தையல் பேட்டையில்தான் ‘ஐமெரிட்’ என்ற கம்பெனி தன் லேபிளிங் மையங்களில் ஒன்றை வைத்து, அங்குள்ள முஸ்லிம் குடும்பத்துப் பெண்களை வேலைக்கு எடுத்தது. ஓட்டுநரில்லா வண்டிகளுக்குப் படம் குறித்துக் கொடுப்பது அந்தக் கம்பெனியின் முக்கியமான தொழில்களில் ஒன்று. எங்களுக்கு இன்னும் பக்கத்தில், ஈரோட்டைத் தாண்டி மல்லசமுத்திரத்தில் ‘நெக்ஸ்ட்வெல்த்’ கம்பெனியின் மையம். இவை வேலை கொடுக்கின்றன. அந்தப் பெண்களுக்கு அது வெயிலில்லாத, பஞ்சுத் தூசி இல்லாத, வீட்டுப் பக்கத்து வேலை. அதைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. பஞ்சு மில்லில் மூச்சுத் திணறியவர்களைப் பார்த்தவன் நான். என் குறை அவர்கள் செய்வதை ‘யாருமில்லை’ என்று மொழிபெயர்க்கிற விமர்சகர் மேல்.

இங்கே முற்போக்கு நண்பர்கள் கைதட்டத் தயாராவது தெரிகிறது. வேண்டாம். அவர்களுடைய கோஷமும் இந்த விஷயத்தில் அதே பொய்யின் மறுபக்கம். யந்திரம் வந்தால் டிரைவர் வேலை போய்விடும் என்கிறார்கள். இதையே 2023 டிசம்பரில் நாக்பூரில் நிதின் கட்கரியும் சொன்னார். டிரைவர்களின் பிழைப்பு போய்விடும், ஆகவே ஓட்டுநரில்லாக் கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டேன் என்றார். புரட்சிக்காரர்களும் மத்திய மந்திரியும் ஒரே வாக்கியத்தில் கையெழுத்துப் போடுவது அபூர்வமான காட்சிதான். அந்த வண்டி இந்திய ரோட்டில் ஓடக் கூடாது. அந்த வண்டிக்கு ஓடக் கற்றுக்கொடுக்கிற வேலை இந்திய வீட்டுக்குள் தாராளமாக நடக்கலாம். அதற்குத் தடையும் இல்லை, கணக்கும் இல்லை, சங்கமும் இல்லை. டிரைவர் என்கிற ஆளை, அவன் கண்ணை ஒரு பக்கம், நிதானத்தை ஒரு பக்கம், பழியை ஒரு பக்கம் என்று பீஸ் பீஸாக வெட்டிக் காண்ட்ராக்ட் விட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு முழுச் சட்டை தைக்கத் தெரிந்த டெய்லர் எப்படிக் காணாமல் போனாரோ அப்படி. அவர் வேலை போகவில்லை. ஒருவர் கை மூட்டுகிறார், ஒருவர் கழுத்துப் பட்டி வைக்கிறார், ஒருவர் அடி மடிக்கிறார். சட்டை தைக்கத் தெரியுமா என்று கேட்டால் மூவரும் தெரியாது என்பார்கள்.

தையலைப் பற்றி ஒரு விஷயம் இடையில் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநரில்லா வண்டிகளின் முதல் பந்தயத்தை 2004இல் மொஹாவி பாலைவனத்தில் நடத்தியது அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான ‘டார்பா’. 142 மைல் பாதையில் மிக அதிகம் போன வண்டி ஏழரை மைலைக்கூடத் தொடவில்லை. அடுத்த வருஷமே ஸ்டான்ஃபோர்டு வண்டி ஜெயித்தது. அதே டார்பா 2012இல் ஆளில்லாமல் துணி தைக்கும் யந்திரத்துக்காக அட்லாண்டாவில் ஒரு கம்பெனிக்குப் பணம் கொடுத்தது. பாலைவனத்தைக் கடந்தாயிற்று, பனியன் துணி இன்னும் பெரும்பாலும் மனிதக் கையில்தான் இருக்கிறது. பனியன் துணி இழுத்தால் நீளும், வெட்டினால் ஓரம் சுருளும், ஒரு லாட் போல இன்னொரு லாட் இருக்காது. டெய்லரின் இடது கை அந்தச் சுருளை ஊசிக்கு முன்னால் விரித்துக்கொடுத்துக்கொண்டே இருக்கிறது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உள்ளுணர்வு என்ற சொல்லுக்கு உதாரணம் தேடி நண்பர் கலிபோர்னியா வரை போயிருக்க வேண்டாம். அவினாசி ரோட்டில் இறங்கி முதல் சந்தில் திரும்பியிருந்தால் போதும்.

இனி, நான் சொல்ல வந்ததில் எனக்கே அச்சம் தருகிற இடம். பக்கத்து வீட்டுப் பெண் போடுகிற கட்டம் எங்கே போகிறது? நடந்துபோகிற மனிதனைச் சுற்றி அவள் போடும் கட்டத்துக்குக் காரில் ‘நிறுத்து’ என்று அர்த்தம். காருக்கும் லாரிக்கும் ராணுவத்துக்கும் ஒரே கம்பெனி மென்பொருள் விற்கிற காலத்தில், அந்தக் கட்டத்துக்கு எங்கேயும் எப்போதும் ‘நிறுத்து’ என்றுதான் அர்த்தமா? அவளுடைய கட்டம் அங்கே போனது என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரிய வழியில்லை என்கிறேன். இது கற்பனைப் பயமும் அல்ல. ட்ரோன் படங்களில் உருவங்களை அடையாளம் காண பென்டகன் நடத்திய ‘ப்ராஜெக்ட் மேவன்’ வேலையில் கூகுள் இருப்பது 2018இல் வெளியே தெரிந்து, அதன் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். அந்த வேலைக்கான படக்குறிப்பில், மணிக்கூலிக்கு இன்டர்நெட்டில் வேலை செய்கிற ஆட்களைப் பயன்படுத்தினார்கள் என்பதும், எதற்குக் குறிக்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதும் 2019இல் செய்தியாயிற்று. இஞ்சினியருக்கு மனச்சாட்சியைக் காட்ட ஒரு காகிதமாவது கிடைத்தது. கட்டம் போட்டவருக்குத் தான் எதில் சம்பந்தப்பட்டிருக்கிறோம் என்பதே மறுக்கப்பட்டது. ஆசிரியன் செத்துவிட்டான் என்று இவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். தாங்கள் எழுதிய வாக்கியம் எது என்று தெரியாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் வீதிகளையும் படமெடுத்திருக்கிறார்கள். ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. 2018இல் வெளியிட்ட இந்தியச் சாலைத் தொகுப்பு ஒன்று உண்டு. ஹைதராபாத், பெங்களூர்ச் சாலைகளில் எடுத்த சுமார் 10,000 படங்கள், 34 வகைப் பெயர்கள். ஜெர்மன்காரர்களின் பட்டியலில் இல்லாத ஆட்டோரிக்‌ஷாவுக்கு அதில் தனிப்பெயர் கிடைத்தது. நல்ல காரியம். கூடவே, எதிலும் சேராத வண்டிகளுக்கு ‘ஃபால்பேக்’ என்று ஒரு வகை வைத்தார்கள். செகண்ட்ஸ் மூட்டை மாதிரி. அந்த ஆராய்ச்சியாளர்கள் நேர்மையானவர்கள். எங்கள் பெயர்கள் இவ்வளவுதான், மிச்சம் இங்கே கிடக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். வேலம்பாளையத்தில் காலை ஒன்பது மணிக்குப் பாருங்கள். டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்றில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஆள் உயரத்துக்கு இரண்டு மூட்டை, நடுவில் ஓட்டுகிறவனின் கண்கள் மட்டும் தெரியும். துணி ரோல்கள் வெளியே நீட்டிக்கொண்டு குட்டி யானை வண்டி. எதிர்ப்பக்கத்தில் தப்பான வழியில் வருகிற கம்பெனி வேன். எங்களில் பாதிப் பேர் அந்தச் செகண்ட்ஸ் மூட்டைக்குள்தான் போவோம்.

ஆனால் இந்தக் குறையை யந்திரத்தின் மேல் மட்டும் போட எனக்கு வாய் வரவில்லை. நம் கவிதையில் இந்த மூட்டைக்காரனுக்கு எந்தக் கட்டம் இருக்கிறது? 1970களிலிருந்து புதுக்கவிதையில் யந்திரம் வந்திருக்கிறது. எப்போதும் படிமமாக வந்திருக்கிறது. நகரம் யந்திரம், வாழ்க்கை யந்திரம், மனிதன் யந்திரம். எந்த யந்திரம், யார் ஓட்டியது, எண்ணெய் யார் போட்டது என்ற கேள்வி கொச்சையானதாகக் கருதப்பட்டது. கேட்டவனுக்குச் சோஷலிச யதார்த்தவாதி என்று லேபிள். யதார்த்தத்தை நகலெடுக்காதே என்று நாம் போட்ட சண்டை நியாயமானது. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அந்தச் சண்டையில் ஜெயித்த பிறகு நாம் செய்துகொண்டதும் ஒரு பாவனைச் சாலைதான். ஏற்கனவே பெயர் தெரிந்தவை மட்டும் குறுக்கே வருகிற சாலை. தனிமை, இருட்டு, கண்ணாடி, பறவை. அதில் வண்டி இடிக்காமல் ஓடுவதில் ஆச்சரியமில்லை. கலிபோர்னியாக் கம்பெனிக்காவது சைக்கிள் தள்ளுகிற பெண்ணைப் பட்டியலில் சேர்க்க வேண்டிய கட்டாயம் வந்தது. நமக்கு யாரும் கேஸ் போடுவதில்லை.

சி.சு. செல்லப்பா புத்தகக் கட்டைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார் என்பது நம் வட்டத்தில் அடிக்கடி சொல்லப்படுகிற கதை. தியாகம் என்று சொல்லிச் சொல்லியே அதை வீணாக்கிவிட்டோம். அதில் எனக்குப் பிடித்தது வேறு. எழுத்து எத்தனை கிலோ என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது. ஆசிரியன் ஒழிந்தான் என்ற வாக்கியத்தை நண்பர் எழுதி அனுப்பினார். ஒருவர் தட்டச்சு செய்தார், ஒருவர் பக்கம் கட்டினார், ஒருவர் பிழை பார்த்தார், அச்சகத்தில் ஒருவர் மடித்துத் தைத்தார், ஒருவர் உறையில் விலாசம் ஒட்டினார். ஆசிரியன் இல்லாத அந்தப் பிரதி வேலம்பாளையத்துக்குத் தானாக வரவில்லை; தபால்காரர் சைக்கிளில் கொண்டுவந்தார்.

நண்பர் பதில் எழுதுவார். எழுத வேண்டும் என்றே விரும்புகிறேன். ஒரே வேண்டுகோள். ஓட்டுநரில்லா வண்டி ஒன்று ஒரு தெருமுனையில் திரும்புவதை அவர் ஒரு பக்கம் வர்ணிக்கட்டும். அதில் ‘தானாக’ என்ற சொல்லும், செய்தவர் யாரென்று சொல்லாத ஒரு வாக்கியமும் வரக் கூடாது. பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால், எத்தனை கை என்று எண்ணி வைக்கிறேன்.